வூஸ்டர் நியூ ரோடு: வெள்ளத்தோடு குடித்தனம் நடத்தும் மைதானம்

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் ஒரு படம் அநேகமாகத் தவறாமல் சுற்றுக்கு வரும். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், அதில் நீந்தும் அன்னங்கள், பின்னால் ஒரு பழைய பேராலயத்தின் கோபுரம். இது ஏரி இல்லை, இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் கவுன்டி (அதாவது மாவட்ட) கிரிக்கெட் அணியின் சொந்த மைதானம், பெயர் நியூ ரோடு என்று தெரிந்ததும் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: ஆற்றுக்குள்ளே போய் எவனய்யா மைதானம் கட்டினான்?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மைதானத்தை உலகின் மிக அழகான கிரிக்கெட் மைதானங்களில் ஒன்று என்று சொல்கிறார்களே, அந்த அழகே வெள்ளத்தின் உபயம். அதைப் புரிந்துகொள்ள முதலில் ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், பர்மிங்காமுக்குத் தென்மேற்கே இருக்கிறது வூஸ்டர். ஊரை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக ஓடுவது செவர்ன் ஆறு. சுமார் 354 கிலோமீட்டர் நீளம், பிரிட்டனிலேயே நீளமான ஆறு இதுதான். கிழக்குக் கரை மேடு. அதனால் பழைய நகரம் முழுக்க அந்தப் பக்கம்தான் வளர்ந்தது, பேராலயமும் அங்கேதான், ஆற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. மேற்குக் கரை தாழ்வு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுப் பாலம் கட்டியபோது, அந்தத் தாழ்வான படுகையின் மேல் மண் கொட்டி உயர்த்தி ஒரு சாலை போட்டார்கள். அன்றைக்குப் புதுச் சாலை, அதனால் நியூ ரோடு. இருநூறு வருஷம் தாண்டியும் பெயர் அப்படியே நிற்கிறது.

சாலை உயரத்துக்குப் போய்விட்டது, பக்கத்து நிலம் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. மழைக்காலத்தில் ஆறு அங்கே பரந்து படுக்கும் என்று ஊருக்கே தெரியும், ஆகவே யாரும் வீடு கட்டவில்லை, தொழிற்சாலை வைக்கவில்லை. பேராலயத்துக்குச் சொந்தமான வெறும் விளைநிலமாகக் கிடந்தது. மேட்டில் இருந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செங்கல் வீடுகள் வரிசை கட்டியிருக்கும், மைதானத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே புகைபோக்கிகள் நின்றிருக்கும். பவுண்டரி, கஷ்கொட்டை மரங்கள், ஆறு, அதற்கும் அந்தப் பக்கம் 1374-இல் கட்டி முடித்த கோபுரம் என்று எதுவும் மறைக்காமல் ஒரே நேர்கோட்டில் தெரிகிற அந்தக் காட்சி, அந்த நிலம் எதற்கும் லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கி வைத்ததால் கிடைத்தது.

வூஸ்டர்ஷயர் கிளப் தொடங்கியது 1865-இல். ஆனால் கவுன்டி அணிகளுக்கு இடையிலான கவுன்டி சாம்பியன்ஷிப் போட்டியில் சேர்ந்து முதல்தர அணியானது 1899-இல்தான். அதற்கு முழுமூச்சாக வேலை பார்த்தவர் கிளப்பின் செயலாளர் பால் ஃபோலி. பேராலய நிர்வாகத்திடம் இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மைதானமாக்கினார். முதல் ஆட்டம் 1899 மே மாதம், எதிரணி யார்க்‌ஷயர். அன்று காலை வரை சைட் ஸ்கிரீனுக்கு, அதாவது பேட்ஸ்மேன் கண்ணுக்குப் பந்து தெளிவாகத் தெரிய வைக்கும் திரைக்கு, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். அன்றைய யார்க்‌ஷயர் எவ்வளவு பெரிய அணி என்று தெரிந்தவர்களுக்கு, புது அணி வெறும் 11 ரன்னில் தோற்றது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் புரியும்.

அதே ஆண்டு ஜூலையில் இதே மைதானத்தில் நடந்தது இன்னும் ஆச்சரியம். ஹாம்ப்ஷயருக்கு எதிராக ஆர்.இ. ஃபாஸ்டரும் அவருடைய அண்ணன் டபிள்யூ.எல். ஃபாஸ்டரும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சதம், அதாவது இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார்கள். ஒருவர் 134, 101; மற்றவர் 140, 172. அந்த வீட்டில் மொத்தம் ஏழு சகோதரர்கள், ஏழு பேரும் வூஸ்டர்ஷயருக்கு ஆடியிருக்கிறார்கள். அணியையே ‘ஃபாஸ்டர்ஷயர்’ என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இதே ஆர்.இ. ஃபாஸ்டர்தான் 1903-இல் சிட்னியில் தன் முதல் டெஸ்டிலேயே 287 அடித்தவர். அறிமுக டெஸ்டில் அடித்த அதிகபட்ச ரன் இன்றுவரை அதுதான்.

ஆனால் தொடக்கத்தில் இருந்த அந்த வேகம் நிலைக்கவில்லை. சின்ன கவுன்டி, கையில் காசில்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் சாம்பியன்ஷிப் மறுபடி தொடங்கியபோது, சேர்ந்து ஆடக்கூட வசதியில்லாமல் வூஸ்டர்ஷயர் ஒதுங்கி நின்றது. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பணப் பிரச்சினையும் வெள்ளப் பிரச்சினையும் இந்த மைதானத்தில் தனித்தனியாக வருவதே இல்லை.

அப்புறம் ஆஸ்திரேலியாவின் பேட்டிங் மேதை பிராட்மன். வெளிநாட்டு அணிகள் இங்கிலாந்து வந்தால் முதல் ஆட்டத்தை வூஸ்டரில் ஆடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. கப்பலில் வந்து இறங்கி, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ இங்கே முதல் பந்தைச் சந்திப்பார்கள். பிராட்மன் இங்கிலாந்து மண்ணில் ஆடிய முதல் இன்னிங்ஸே இங்கேதான், 1930-இல். அடித்தது 236. நான்கு வருஷம் கழித்து வந்தார், 206. மறுபடி 1938-இல், 258. மூன்றாவது இரட்டைச் சதத்தைப் பாராட்டி, ஊரின் பெருமையான ராயல் வூஸ்டர் பீங்கானில் இந்த மைதானத்தின் காட்சியைத் தீட்டி ஒரு ஜாடி பரிசளித்தார்கள். போருக்குப் பிறகு 1948-இல் கடைசிமுறை வந்தபோது 107-இல் அவுட் ஆனார். நான்கு இன்னிங்ஸ், 807 ரன், சராசரி 201.75. வூஸ்டர்ஷயர் பந்துவீச்சு அந்தக் காலத்தில் அப்படியொன்றும் பயமுறுத்துகிற வகை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஈரம் காயாத ஆடுகளத்தில், கப்பல் களைப்போடு, நாலில் மூன்று முறை இருநூறு தாண்டுவது சும்மா வராது.

நம்மவர்களுக்கும் இந்த மைதானத்தோடு பழைய தொடர்பு உண்டு. இஃப்திகார் அலி கான் பட்டோடி, அதாவது ‘டைகர்’ பட்டோடியின் அப்பா, 1930-களில் வூஸ்டர்ஷயருக்கு ஆடினார். பிறகு இந்தியாவின் கேப்டனாக 1946-இல் அவர் அணியை அழைத்து வந்தபோது, சுற்றுப்பயணத்தின் முதல் ஆட்டம் தன் பழைய மைதானத்தில், பழைய கவுன்டிக்கு எதிராகவே அமைந்தது. எண்பதுகளில் கபில் தேவ் இரண்டு சீசன் ஆடினார். இம்ரான் கான் இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, இந்த அணியில்தான் கவுன்டி கிரிக்கெட்டைத் தொடங்கினார். நம்ம அஸ்வின் 2017-இல் சீசனின் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்தார். அந்த வருஷம் வூஸ்டர்ஷயர் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து முதல் பிரிவுக்கு ஏறியது. எனக்குப் பிடித்த தொடர்பு 2021 ஜூலை 3. இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ் கடைசி வரை நின்று ஆட்டமிழக்காமல் 75 அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார். அதே இன்னிங்ஸில் இங்கிலாந்தின் சார்லட் எட்வர்ட்ஸைத் தாண்டி, பெண்கள் சர்வதேச கிரிக்கெட்டிலேயே அதிக ரன் குவித்தவர் ஆனார். ஆண்கள் டெஸ்ட் ஒன்றுகூட நடக்காத மைதானம் இது. ஆனால் பெண்கள் டெஸ்டுகள் நடந்திருக்கின்றன, 2005-இல் இங்கிலாந்துப் பெண்கள் நாற்பத்திரண்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆஷஸ் கோப்பையைத் திரும்பப் பிடித்ததும் இங்கேதான். இதைப் பற்றி இந்த மைதானத்தைக் குறித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. கேக்கைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

சரி, கேக். மைதானத்தில் ‘லேடீஸ் பவிலியன்’ என்று ஒன்று உண்டு. ஆட்ட நாட்களில் அங்கே டீயும் வீட்டில் செய்த மாதிரி கேக்கும் கிடைக்கும். வரிசையில் நின்று ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, வெளியே உட்கார்ந்து பேராலயத்தைப் பார்த்தபடி தின்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சடங்கு. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் இடம், அதனால் யாரும் தொலைவில் இல்லை. ஃபைன் லெக்கில் நிற்கிற ஆட்டக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம்.

முதல் கவுன்டி பட்டம் வர 1964 ஆனது. கிளப் தொடங்கி 99 வருஷம். டான் கென்யன் கேப்டன், டாம் கிரேவ்னி பேட்டிங்கின் தூண். மறுவருஷமும் பட்டம். அந்தக் காலகட்டத்தில் அணிக்கு வந்தவர்தான் பேசில் டி’ஒலிவேரா. கேப்டவுனில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டதால் சொந்த நாட்டுக்கு ஆட முடியாதவர். இங்கிலாந்து வந்து, லீக் கிரிக்கெட் ஆடி, 1964-இல் வூஸ்டர்ஷயரில் இடம் பிடித்து, அங்கிருந்து இங்கிலாந்து அணிக்கே போனார். ஓவலில் 1968 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தும் தென்னாப்பிரிக்கப் பயண அணியில் முதலில் அவரைச் சேர்க்கவில்லை. வேறொருவர் விலகியதும் சேர்த்தார்கள். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார், பயணம் ரத்தானது. தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டதற்கு அது பெரிய காரணம். நியூ ரோட்டில் இன்று ஒரு பார்வையாளர் அரங்கு அவர் பெயரில் இருக்கிறது. மகன் டேமியன் இதே அணிக்கு ஆடினார், பேரன் பிரெட் கேப்டனாகவே இருந்தார்.

அணியின் பேட்ஸ்மேன் கிரேம் ஹிக்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒன்று மட்டும். மே மாதம் முடிவதற்குள் ஆயிரம் ரன் என்பது அபூர்வமான சாதனை. அதை 1988-இல் அவர் தொட்டது நியூ ரோட்டில், வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 172 அடித்து. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வூஸ்டர்ஷயர்தான் சாம்பியன், அணியில் இங்கிலாந்தின் நட்சத்திரம் இயன் போத்தமும் இருந்தார். பழைய பவிலியனை இடித்துக் கட்டிய புதியதற்கு இப்போது ஹிக் பெயர்.

இனி தண்ணீர். செவர்ன் பிறப்பது வேல்ஸ் மலைகளில். அங்கே கொட்டுகிற மழை வூஸ்டருக்கு வந்து சேர ஓரிரு நாள் ஆகும், அதனால் முன்னெச்சரிக்கை கிடைக்கும். ரோலர், புல் வெட்டும் இயந்திரம் எல்லாவற்றையும் மேட்டுக்கு நகர்த்திவிடலாம். இது போதாதென்று, ஊருக்குச் சற்றுத் தெற்கே டீம் என்ற ஆறு வந்து செவர்னில் கலக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பெருகினால் செவர்ன் தண்ணீருக்குக் கீழே போக வழி கிடைக்காது, எதிர்த்துக்கொண்டு நிற்கும். நிற்கிற தண்ணீர் பரவுகிற இடம்தான் மைதானம். ஆற்றங்கரையில் பேராலயத்தின் தண்ணீர் வாசல் என்று ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளமும் எட்டிய உயரத்தை வருஷத்தோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1770, 1947 இரண்டும் தலைக்கு மேலே இருக்கும். 1947 என்பது நீண்ட பனிக்காலம் முடிந்து மார்ச்சில் பனி ஒரேயடியாக உருகியதால் வந்தது. 2014 பிப்ரவரியில் பாலத்தையே மூட வேண்டியதாயிற்று.

தண்ணீர் வடிந்தபிறகுதான் தலைவலி. வயலுக்கு வண்டல் வந்தால் உழவர் கும்பிடுவார். கிரிக்கெட் மைதானத்துக்கு வண்டல் விஷம். ஆற்று வண்டல் மிக நுண்ணியது. புல்லின் மேல் படிந்து காய்ந்தால் பொருக்கு கட்டும், காற்றும் ஒளியும் போகாது, புல் அழுகும். அதனால் காய்வதற்குள் கழுவித் தள்ள வேண்டும். கிளை, குப்பை, எங்கிருந்தோ வந்த களை விதைகள் என்று ஆறு கொண்டுவந்து போட்டதையெல்லாம் பொறுக்க வேண்டும். ஆடுகளம் களிமண். அது உறுதியாக, பந்து எழும்புகிற மாதிரி இருக்க வேண்டுமென்றால் மார்ச் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டி ரோலர் ஓட்ட வேண்டும், அதுவும் மண் சரியான பக்குவத்தில் இருக்கும்போது. ஊறிப்போன மண்ணில் ரோலரை ஏற்றினால் ஆடுகளம்தான் கெடும். மார்ச் முழுக்க மைதானம் காயவே இல்லையென்றால் அந்த வேலை நடக்காது, ஏப்ரலில் பந்து எழும்பாமல் சோம்பலாக வரும், அல்லது ஆட்டமே நடக்காது.

இப்போது நான் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். வெள்ளம் புதிதல்ல, ஊர் உருவான நாளிலிருந்து இருக்கிறது. குளிர்கால மழை கூடிவருகிறது, உண்மைதான். ஆனால் பேசப்படாத இன்னொரு பாதி, கிரிக்கெட் நாட்காட்டி. பிராட்மன் காலத்தில் மைதானத்துக்கு ஏப்ரல் கடைசி வரை அவகாசம் இருந்தது. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க மூன்று நாள் ஆட்டங்கள். ஆறு குளிர்காலத்தில் மைதானத்தை எடுத்துக்கொள்ளும், கோடையில் திருப்பிக் கொடுக்கும். இருவருக்கும் சண்டையே கிடையாது. பிறகு 2003-இல் டி20 வந்தது, 2021-இல் ஹண்ட்ரட் என்ற நூறு பந்து ஆட்டத் தொடர் வந்து ஆகஸ்டைப் பிடித்துக்கொண்டது. நல்ல வெயில் நாட்கள் எல்லாம் குறுகிய ஆட்டங்களுக்குப் போக, நான்கு நாள் ஆட்டங்களை ஏப்ரல் முதல் வாரத்துக்கும் செப்டம்பருக்கும் தள்ளிவிட்டார்கள். ஓர் அணிக்கு 14 சாம்பியன்ஷிப் ஆட்டம் என்றால், பாதி போல மே மாதத்துக்குள் முடிகிறது. நியூ ரோடு எந்த மாதத்தில் ஆடவே லாயக்கில்லாமல் கிடக்கிறதோ, சரியாக அந்த நேரத்தில் போய் அதைத் தயாராக இரு என்கிறார்கள். லார்ட்ஸிலோ ஓவலிலோ உட்கார்ந்து அட்டவணை போடுகிறவர்களுக்கு ஏப்ரல் 5 என்பது ஒரு கட்டம், அவ்வளவுதான்.

விளைவு 2024-இல் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் மைதானம் பல முறை முழுகியது, சீசனின் தொடக்க ஆட்டங்களை வடக்கே கிட்டர்மின்ஸ்டருக்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் 2007 இருக்கிறது, ஆனால் அது வேறு கதை: அது ஜூன், ஜூலையில் வந்த கோடை வெள்ளம். செவர்னின் கீழ்ப்போக்கில் டூக்ஸ்பரி ஊரே தீவாக நின்ற அதே வெள்ளம். மைதானம் அந்த சீசனுக்கு எழுந்திருக்கவே இல்லை, கிளப்பின் கல்லாவும்தான். அந்த மாதிரி கோடை வெள்ளத்துக்கு எந்த அட்டவணையும் உதவாது, ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தைப் பார்த்தால் நிலைமை இப்படி. கிளப் 1976-இல் இந்த நிலத்தைப் பேராலய நிர்வாகத்திடமிருந்து 30,000 பவுண்டுக்கு விலைக்கே வாங்கியது, ஆக இடம் சொந்தம். ஆனால் டெஸ்ட் இல்லை, ஹண்ட்ரட் அணி இல்லை, பக்கத்திலேயே எட்ஜ்பாஸ்டன் என்ற பெரிய மைதானம் இருக்கிறது. வருமானத்துக்காக மைதானத்தின் ஓரத்தில் ஓட்டல் ஒன்றுக்கு இடம் கொடுத்தார்கள், 2013-இல் திறந்தது. பேராலயத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது உறுத்தல். எனக்கும் உறுத்தல்தான், ஆனால் அந்த வாடகை இல்லாமல் கிளப் எப்படி ஓடியிருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது ஹண்ட்ரட் அணிகளின் பங்குகளை 2025-இல் விற்றதில் எல்லா கவுன்டிகளுக்கும் பணம் வருகிறது, பெரிய மைதானம் இல்லாத கவுன்டிகளுக்குக் கூடுதல் பங்கு. லீட்ஸ் அணியை முழுசாக வாங்கியது சென்னையின் சன் குழுமம். ஆக நியூ ரோட்டின் வண்டலைக் கழுவுகிற செலவில் ஒரு துளி நம்மூர்ப் பணமாகவும் இருக்கலாம்!

இதே 2024-இல் கிளப் நிர்வாகமே, இந்த இடத்தில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க முடியுமா, வேறு இடம் பார்க்க வேண்டுமா என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தது. உறுப்பினர்களில் பலருக்கு இது நெஞ்சில் குத்து. மேட்டில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், கார் நிறுத்த இடத்தோடு புது மைதானம் கட்டினால் கணக்கு சரியாக வரும். ஆனால் நியூ ரோட்டைப் பார்ப்பதற்கென்றே ரயிலேறி வருகிற ஆள் அங்கே வர மாட்டார், சின்ன கவுன்டிக்கு அந்த ஆள் முக்கியம். காலி செய்த நிலத்தையும் நல்ல விலைக்கு விற்க முடியாது, வெள்ளப் படுகையில் யார் வீடு கட்ட அனுமதி தருவார்கள்?

என்னைக் கேட்டால் நடுவழி ஒன்று இருக்கிறது. ஏப்ரல் ஆட்டங்களை நிரந்தரமாகவே கிட்டர்மின்ஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மே முதல் செப்டம்பர் வரை மட்டும் நியூ ரோட்டை வைத்துக்கொள்ளலாம். கிரவுண்ட்ஸ்மேனுக்கு ஒரு மாதம் அவகாசம் கிடைக்கும், அதுதான் பழைய காலத்தில் அவருக்கு இருந்தது. இடையூறு என்னவென்றால், கிட்டர்மின்ஸ்டர் இன்னொரு கிளப்பின் மைதானம், அங்கே முதல்தர ஆட்டத்துக்கான வசதிகளைக் கட்டிப் பராமரிக்கச் செலவு ஆகும், ஹண்ட்ரட் பணத்தில் கடனை அடைப்பதா இதற்குப் போடுவதா என்ற இழுபறி வரும். இன்னொரு வழி அட்டவணை போடுகிறவர்கள் கையில் இருக்கிறது: ஏப்ரலில் வூஸ்டர்ஷயருக்கு வெளியூர் ஆட்டங்களையே கொடுப்பது. அதற்கு ஒரு பைசா செலவில்லை, மற்ற கவுன்டிகள் சம்மதித்தால் போதும்.